வீட்டில் எந்த மொழி?

காது கேளாத பிள்ளையைப் பெற்றவர்களிடம் மருத்துவமனை பல கேள்விகளைக் கேட்கிறது. பிரசவம் எப்படி நடந்தது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இக்குறை உண்டா, குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் வந்ததுண்டா என்பவற்றுக்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம். "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்ற கேள்வியில்தான் பினாங்குத் தமிழர் திணறிப்போகிறார். என் தாயார் தமிழ் மட்டுமே பேசுவார். நானும் என் மனைவியும் எங்களுக்குள் தமிழில் பேசுகிறோம், பள்ளியிலிருந்து வரும் கடிதங்களை மலாயில் படிக்கிறோம், தொழிற்சாலையில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறோம், சந்தையில் மீன் விலையை ஹொக்கியன் என்ற சீன மொழியில் கேட்கிறோம். கேட்கும் பிள்ளைகள் இவ்வளவையும் வாசலில் நின்றே பொறுக்கிக்கொள்கிறார்கள். கேளாத பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லையும் யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருப்பதால், எந்த மொழியின் சொல்லைச் சேர்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். எந்தக் கருவியை வாங்குவது என்ற முடிவைவிட இதுதான் கடினமானது என்பது இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாத என் கருத்து. கருவியைப் பற்றிச் சொல்ல மருத்துவர் இருக்கிறார். மொழியைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

என் மகளுக்கு இப்போது 14 வயது. இரண்டு காதுகளிலும் 90 டெசிபெலுக்கு மேற்பட்ட இழப்பு. நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபெல் என்பதால், இந்த அளவு இழப்புள்ள குழந்தைக்குக் கருவியின்றிப் பேச்சு எட்டவே எட்டாது. ஆனால் கதவை ஓங்கிச் சாத்தினால் தரை அதிர்வதை உணரும். விளக்கைப் போட்டால் நிழல் அசைவதைப் பார்த்துத் திரும்பும். கேட்கிறது என்று வீட்டார் நம்புவதற்கு இவ்வளவு போதும். ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று வரை செவித்திறன் குறைவுடன் பிறக்கின்றன என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவ உலகம் வகுத்துள்ள காலவரை. அவள் பிறந்த மருத்துவமனையில் அக்காலத்தில் குறைமாதக் குழந்தைகளுக்கும் கடுமையான மஞ்சள்காமாலை கண்ட குழந்தைகளுக்கும் மட்டுமே அப்பரிசோதனையைச் செய்தார்கள். நிறைமாதத்தில் கொழுகொழுவென்று பிறந்தவள் அந்தப் பட்டியலில் வரவில்லை.

சந்தேகம் எழுந்தபோது உறவினர் வீடுகளிலிருந்து வந்த ஆறுதல்களை எல்லாத் தமிழ்ப் பெற்றோரும் கேட்டிருப்பார்கள். "உங்க பெரியப்பாவும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தாரு" என்றார் ஒருவர். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார் இன்னொருவர். மனைவி கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனாளா என்று விசாரித்தவர்களும் உண்டு. இவற்றில் வசம்பு மட்டும்தான் கெடுதல் செய்யாதது என்று அப்போது நினைத்தேன். நாக்கில் வைத்ததை அவள் துப்பிய வேகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

ஒன்றரை வயதில் மூளைத்தண்டுப் பரிசோதனை நடந்தது. குழந்தை அசையாமல் தூங்கினால்தான் அதைச் செய்ய முடியும் என்பதால் விடியற்காலையிலேயே எழுப்பி, வண்டியில் கண்ணயர விடாமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டே போனோம். அங்கே தூக்க மருந்து கொடுத்து, நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் டிக் டிக்கென்று ஒலியை அனுப்பினார்கள். ஒலி மூளைத்தண்டை எட்டினால் திரையில் மேடுகள் எழும். அவற்றில் ஐந்தாவது மேட்டைத்தான் தேடுவார்கள். செவித்திறன் நிபுணர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். கோடு படுத்தே கிடந்தது. அவர் எங்களிடம் எதுவும் சொல்லாமல் அதே அளவில் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். அதிலிருந்தே எங்களுக்கு விளங்கிவிட்டது.

பின்னர் செய்த மரபணுச் சோதனையில் கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. உள்காதில் பொட்டாசியம் ஓர் உயிரணுவிலிருந்து இன்னோர் உயிரணுவுக்குக் கடந்து செல்வதற்கான வாசல்களைக் கட்டுவது அந்தப் புரதம். எனக்கும் என் மனைவிக்கும் அம்மரபணுவின் இரு படிகளில் ஒன்று பழுது. மற்றது நன்றாக இருப்பதால் எங்களுக்குக் குறையில்லை. இப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நாங்கள் சொந்தமே இல்லை, அவள் கெடா தோட்டத்துக்காரி, நான் பட்டர்வொர்த்தில் பிறந்தவன் என்பது மறந்துபோயிருந்தது. சொந்தத்தில் மணம் முடித்தால் இவ்வாய்ப்பு கூடும் என்பது மெய்தான். ஆனால் இம்மரபணுவைச் சுமப்பவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவர்கள் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகு கிரகணப் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது. மருத்துவத்துக்கு அதனால் பெரிய பயன் இல்லாவிட்டாலும் என் மனைவி நிமிர்ந்து நடக்க அது உதவியது.

முதலில் வந்தது காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி. கருவியின் விலையைப் பற்றி எல்லாரும் எச்சரித்தார்கள். காது அச்சைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. காதுத் துளையின் உள்ளே நூல் கட்டிய சிறு பஞ்சை வைத்து, குழைவான சிலிக்கோனைப் பீச்சி, அது இறுகும் வரை குழந்தையின் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வார்ப்பிலிருந்து அச்சு தயாராகி வரும்போதே பிள்ளையின் காது கொஞ்சம் வளர்ந்திருக்கும். அச்சு தளர்ந்தால் ஒலி கசிந்து ஒலிவாங்கிக்குள்ளேயே திரும்பிப் போய்க் கீச்சென்று விசிலடிக்கும். அதைக் குழந்தையைத் தவிர வீட்டிலுள்ள அனைவரும் கேட்போம். என் தாயார் பேத்தியின் தலையில் தாராளமாகத் தேய்த்த தேங்காய் எண்ணெய் வழிந்து அச்சுக்குள் இறங்கும். போதாக்குறைக்குப் பினாங்கின் புழுக்கம். இரவில் கருவியைச் சிலிக்கா மணிகள் போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும். நீலமாக இருந்த மணிகள் ஈரம் குடித்து வெளிர்சிவப்பாக மாறினால் அவற்றை மீண்டும் சூடுகாட்டிக் காயவைக்க வேண்டும். எங்கள் சமையலறையில் அரிசி, பருப்பு டப்பாக்களின் வரிசையில் இந்த டப்பாவும் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது.

90 டெசிபெலுக்கு மேற்பட்ட இழப்புக்கு ஒலியைப் பெருக்கும் கருவி பெரும்பாலும் போதாது. உள்காதில் ஒலியை மின்துடிப்பாக்கும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 உண்டு. அவை வேலை செய்யாதபோது எவ்வளவு பெருக்கினாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. அறுவைச் சிகிச்சை செய்து உள்காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி அவற்றைத் தாண்டிச் செவி நரம்பை நேரே மின்சாரத்தால் தூண்டுகிறது. மலேசியாவில் இந்த அறுவைச் சிகிச்சையை முதன்முதலாக 1995இல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவர்கள் செய்தார்கள். என் மகளுக்கு இரண்டரை வயதில் கோலாலம்பூரில் நடந்தது. அதற்கு முன் மூளைக்காய்ச்சலுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி கட்டாயம். அவளுக்குப் பொருத்தியதில் 22 மின்முனைகள் இருந்தன. 15,000 செய்த வேலையை 22 செய்ய வேண்டுமென்றால் மூளை எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். புண் ஆறிய பின் கருவியை இயக்கும் நாளில் குழந்தை தாயின் குரலைக் கேட்டுச் சிரிக்கும் காணொளிகளை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பிள்ளை அலறி அழுது, தலையில் காந்தத்தால் ஒட்டியிருந்த வில்லையைப் பிடுங்கி எறிந்தாள். அது இயல்புதான் என்று அங்கிருந்த நிபுணர் சொன்னார். அன்றிலிருந்துதான் அவளுடைய 'கேட்கும் வயது' தொடங்குகிறது என்பதால், மூன்று வயதுப் பிள்ளையின் கேட்கும் வயது ஆறே மாதம் என்று உறவினர்களுக்கு விளக்குவதே தனி வேலையாக இருந்தது.

இங்கேதான் மொழிக் கேள்வி மீண்டும் வந்தது. எங்களுக்குக் கிடைத்த பேச்சுப் பயிற்சியாளர் இளம் மலாய்ப் பெண், பொறுமைசாலி, கெட்டிக்காரர். தமிழ் அறியாதவர். அவரிடமிருந்த படஅட்டைகள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. ஒரே மொழியில் நில்லுங்கள், முடிந்தால் மலாய், பள்ளியிலும் அதுதானே என்று அவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பத்தாம் மாதம் முதல் கொட்டிக் கிடக்க வேண்டிய சொற்கள் தாமதமாகச் சொட்டுச் சொட்டாக வரும்போது அவற்றையும் மூன்றாகப் பிரித்தால் எதுவும் நிறையாது என்பது அவருடைய கவலை. அதோடு மலாய் கேட்பதற்கு எளிய மொழி. சொற்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன அசைகளாக வருகின்றன. வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப வால் மாறுவதில்லை. தமிழில் சேதியெல்லாம் வாலில்தான் இருக்கிறது. 'வந்தான்' என்பதைப் பேசும்போது இறுதி மெய்யை மூக்கிலேயே கரைத்துவிடுகிறோம்; 'வந்தாள்' என்பதில் அதை விழுங்கியே விடுகிறோம். எஞ்சுவது 'வந்தாரு' ஒன்றுதான். வீட்டுல, வீட்டுக்கு, வீட்ட என்று சொல்லின் கடைசியில் குரல் தாழும் இடத்தில்தான் இடமும் திசையும் பொருளும் பிரிகின்றன. 22 மின்முனைகள் வழியே கேட்கும் பிள்ளைக்கு அந்தக் கடைசி அரை நொடிதான் எட்டாதது. என் மகள் வெகுகாலம் தாத்தாவையும் பக்கத்து வீட்டுப் பையனையும் ஒரே விதமாக 'வந்தா' என்றே சொன்னாள். மரியாதை தெரியாத பிள்ளை என்று திருமண வீட்டில் ஒரு பெரியவர் முகம் சுளித்தார். அவளுக்கு மரியாதை தெரியும், 'ரு' தெரியாது.

ஆயினும் நாங்கள் தமிழை விடவில்லை. இதற்குப் பெரிய கொள்கை ஏதும் காரணம் இல்லை. பகல் முழுவதும் பிள்ளையோடு இருப்பவர் என் தாயார். அவரிடம் மலாய் பேசுங்கள் என்று சொன்னால் அவர் பேசுவதை நிறுத்திவிடுவார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பிள்ளையோடு யாருமே பேசாத வீடாக எங்கள் வீடு மாறிவிடும். சரளமாகப் பேசத் தெரிந்த மொழியில்தான் ஒருவரால் பிள்ளையிடம் கதை சொல்லவும் திட்டவும் கொஞ்சவும் முடியும். கற்றுக்கொண்ட மொழியில் கட்டளைகள்தான் வரும்: சாப்பிடு, வா, உட்கார். பிள்ளைக்குக் கட்டளைகளை மட்டும் கொடுத்தால் அது கீழ்ப்படியக் கற்றுக்கொள்ளும், மொழி கற்றுக்கொள்ளாது. சிறு வயதிலேயே கருவி பொருத்திய பிள்ளைகள் வீட்டில் போதுமான பேச்சு கிடைத்தால் இரு மொழிகளையும் கற்கிறார்கள் என்று ஆய்வுகள் பின்னாளில் காட்டியிருக்கின்றன. அன்று எங்களுக்கு இருந்த ஆதாரம் என் தாயாரின் வாய்தான். ஓயாத வாய் என்று என் தந்தையார் காலமெல்லாம் குறைப்பட்டுக்கொண்ட அந்த வாய் பேத்திக்குப் பெரிய சொத்தாக அமைந்தது.

படஅட்டைகளை நானே செய்தேன். பாயான் லெப்பாஸில் இரவு வேலை பார்த்ததால் பகலில் எனக்கு நேரம் இருந்தது. அதனால் சந்திப்புகளுக்குப் பெரும்பாலும் நானே அழைத்துப் போனேன். காத்திருப்பு அறையில் சுற்றிலும் அம்மாக்களே இருப்பார்கள், தாதி வந்து "அம்மா எங்கே?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் பேசத் தொடங்குவார். அப்பாக்கள் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. செந்தூலிலிருந்து வந்த ஒரு தாய், பிள்ளையின் பயிற்சிக்காகக் கணக்காளர் வேலையை விட்டுவிட்டு, ஒரே சம்பளத்தில் வீட்டுக்கடனையும் கருவியின் தவணையையும் கட்டிக்கொண்டிருந்தார். சுங்கை பட்டாணித் தம்பதியர் ஊர் முழுக்கச் சேதி பரவும் என்று அஞ்சிப் பிள்ளையின் முடியைக் காதை மறைக்கும்படி வளர்த்திருந்தார்கள். அப்பிள்ளையின் ஒலிவாங்கியும் அந்த முடியின் அடியில் மறைந்து கிடந்தது.

ஒவ்வொரு காலையும் பள்ளிக்குக் கிளம்புமுன் ஒரு சிறு சோதனை உண்டு. டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்த ஆறு ஒலிகளை, வாயைக் கையால் மறைக்காமல், பிள்ளையின் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். பேச்சின் தாழ்ந்த சுருதியிலிருந்து மிக உயர்ந்த சுருதி வரை இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. அவள் திருப்பிச் சொல்வதைக் கொண்டு கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று அறியலாம். 'ஸ்' வராவிட்டால் ஒலிவாங்கியின் மூடியில் வியர்வை. எதுவுமே வராவிட்டால் பேட்டரி. என் தாயாரும் இதைக் கற்றுக்கொண்டார். ஷ், ஸ் இரண்டையும் அவர் ஒரே மாதிரி உச்சரித்ததால் பிள்ளையும் ஒரே மாதிரி திருப்பிச் சொல்ல, கருவியில் கோளாறு என்று நாங்கள் ஓடிய நாளும் உண்டு.

சைகைமொழி விஷயத்தில்தான் நான் மருத்துவமனையோடு உடன்படவில்லை. கை பழகினால் வாய் சோம்பிவிடும் என்பது பல காலமாகச் சொல்லப்பட்டு வருவது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு சைகையை ஒதுக்கிப் பேச்சு முறையையே ஏற்றதிலிருந்து உலகின் பல பள்ளிகள் அதைச் சட்டமாக்கிக்கொண்டன. எங்கள் ஊரிலேயே அதன் கதை இருக்கிறது. 1954இல் பினாங்கில் காது கேளாதோர்க்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றும் தஞ்சோங் பூங்காவில் அது நடக்கிறது. தொடக்கத்தில் வகுப்பறையில் வாயசைவைப் படித்துப் பேசும் முறைதான். ஆனால் நாடெங்கிலுமிருந்து வந்து விடுதியில் தங்கிய பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் கைகளால் பேசிப் பேசி ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். பினாங்குச் சைகைமொழி என்று அதை இன்று மொழியியலார் தனியாகப் பதிவு செய்கிறார்கள். 1970களின் பிற்பகுதியில் பள்ளிகள் சைகையை உள்ளே விட்டன. முதலில் வந்தது மலாய்மொழியின் முன்னொட்டு பின்னொட்டுகளுக்கெல்லாம் கைக்குறி வைத்த ஒரு முறை. காது கேளாதோர் தாமாகப் பேசும் மலேசியச் சைகைமொழிக்கு அதிலிருந்து வேறான இலக்கணம் உண்டு. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதையே காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றது.

அந்த விடுதியில் வளர்ந்த தமிழர் ஒருவர் எங்களுக்குச் சைகை கற்றுக்கொடுத்தார். அவர் பிறந்தது கெடாவில் ஒரு தோட்டத்தில். ஏழு வயதில் பள்ளி விடுதிக்கு வந்தவர். மலாயில் அழகாக எழுதுவார், ஆங்கிலம் படிப்பார், தமிழில் தம் பெயரை மட்டும் வரைவார். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் தாயும் மகனும் சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், பணம் என்ற நான்கைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ள முடியாதாம். தாய்க்கு மலாய் எழுத்து தெரியாது. அவருடைய கைமொழியும் தெரியாது. தாய் இறந்த பிறகு, அவர் இளமையில் எப்படி இருந்தார், எந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், ஏன் தந்தையோடு அவ்வளவு சண்டை என்பதையெல்லாம் தம் தங்கை மகள் மலாயில் எழுதிக் காட்டித்தான் அறிந்துகொண்டதாக அவர் எங்களுக்கு எழுதிக் காட்டினார். அவருக்கு மொழிகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட வீட்டோடு சேர்ந்ததாக இல்லை.

இதைப் படித்த இரவிலேயே என் மனைவி முடிவு செய்துவிட்டாள்: தமிழும் இருக்கும், சைகையும் இருக்கும், வீட்டிலுள்ள அத்தனை பேரும் கற்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன்பே தொடங்கினோம். அதனால் பேச்சு தாமதமாகவில்லை. கருவி பொருத்துவதற்கு முன்னரே அவளுக்குப் பால், போதும், வலி, நாய், பயம் என்பனவெல்லாம் கையில் இருந்தன. பின்னர் காதில் விழுந்த ஒலிகளை அவள் ஏற்கெனவே அறிந்த பொருள்கள்மீது ஒட்ட வைத்துக்கொண்டாள். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத பிள்ளைகள் உரிய வயதில் சைகையில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதும் இதைத்தான் காட்டுகிறது; தாமதத்துக்குக் காரணம் காது மட்டும் இல்லை, கண்ணுக்கு எட்டும் மொழி வீட்டில் இல்லாததும்தான். கருவியைக் கழற்றி வைக்கும் குளியலறையிலும் படுக்கையிலும் கடற்கரையிலும் பேச்சு நிற்காமல் தொடர்ந்தது எங்களுக்குக் கிடைத்த உடனடிப் பயன். என் தாயார் வகுப்புக்கு வர மறுத்துத் தம் போக்கில் சில சைகைகளை உண்டாக்கினார். நெற்றியில் மூன்று விரலை இழுத்தால் கோயில். மூக்கின் பக்கத்தில் மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் பாட்டி. ஆசிரியர் அவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தாயார் கோபித்துக்கொள்வார். பேத்திக்குக் கேட்டால் வெள்ளியில் காது செய்து போடுவதாகத் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தார். கருவி வந்த பிறகு, கேட்க வைத்தது மருத்துவரா முருகனா என்ற விவாதம் என் அண்ணனுக்கும் அவருக்கும் ஓயாமல் நடந்தது. வெள்ளிக் காது உண்டியலுக்குப் போயிற்று. அந்தத் தைப்பூசத்தில் ரதம் வரும் வழியில் மலையாகக் குவித்திருந்த தேங்காய்களைச் சீனர்களும் தமிழர்களுமாகச் சேர்ந்து சாலையில் அடித்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். உறுமியும் ஒலிபெருக்கிகளும் சேர்ந்துகொண்டதில் கருவி எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாக்கிக் கொடுத்திருக்க வேண்டும். அவள் வில்லையைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, சாலையோரத்து இரும்புத் தடுப்பில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு நின்றாள். தேங்காய் விழும் ஒவ்வொரு முறையும் என்னைத் திரும்பிப் பார்த்து, பெரியது, சின்னது என்று கையால் சொன்னாள். சுற்றி நின்ற நாங்கள்தான் காதைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காது கேளாதோர்க்கான பள்ளிகளில் பாடமொழி மலாயாக இருப்பதால் தொடக்கப்பள்ளிக்கு அவளைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தோம். முதல் வரிசையில் இடமும் நல்ல ஆசிரியர்களும் கிடைத்தார்கள். மேலே சுழலும் மின்விசிறிகளும் மழை பெய்யும்போது தகரக் கூரையும் கிடைத்தன. கருவி வழியே கேட்பவர்க்கு இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஆசிரியரின் கழுத்தில் மாட்டும் ஒலிவாங்கி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அதை அணைக்க மறந்து ஆசிரியர் அறைக்குப் போய்விடும் நாள்களில் அங்கே நடப்பதெல்லாம் அவளுக்கு நேரலை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் முகக்கவசம் போட்டபோது உதடுகள் மறைந்தன. அதே காலத்தில் தொலைக்காட்சியின் மூலையில் சைகைமொழி பெயர்ப்பாளர்களை நாடு முழுவதும் பார்த்துப் பழகியது. இடைநிலைப்பள்ளிக்கு, காது கேளாத மாணவர்க்கென வகுப்புள்ள பள்ளியை அவளே தேர்ந்தெடுத்தாள். அங்கே அவளுடைய தோழிகள் மலாய்க்காரரும் சீனரும். மூவரும் பேசிக்கொள்வதைப் பார்த்தால் கையும் வாயும் எதற்கு எது என்று பிரிக்க முடியாது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் கருவிக்கு உதவி கிடைத்துவிட்டாலும் வெளியே மாட்டும் பகுதிக்கு ஆயுள் கொஞ்சம்தான். பழைய மாதிரிக்கு உதிரிப்பாகம் நின்றுவிடும். புதியது பல ஆயிரம் ரிங்கிட். மாற்றுத்திறனாளி அட்டையைச் சமூகநல இலாகாவில் பதிந்து வாங்கத் தயங்கும் பெற்றோர் நம்மவர்களில் இன்னும் இருக்கிறார்கள். உதவித்தொகை, வரிச்சலுகை, தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவை அந்த அட்டையைக் கேட்டே வருகின்றன. அட்டையில் இருப்பது பிள்ளையின் படம்தான், நெற்றியில் எழுதிய எழுத்து ஒன்றும் இல்லை.

காத்திருப்பு அறையில் புதிதாக வரும் பெற்றோர் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பேசுமா?" என் மகள் பேசுகிறாள் என்றதும் அவர்கள் முகம் மலர்கிறது, சைகையும் செய்கிறாள் என்றதும் அந்த மலர்ச்சி சற்று வாடுகிறது. கருவி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. அதே மாதத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இன்னொரு பிள்ளைக்கு நரம்பு மெலிந்திருந்ததால் ஒலி வந்தும் சொல் பிரியவில்லை. அப்பெற்றோர் வாயை மட்டுமே நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காத்திருக்கச் சொன்னவர்களைச் சொல்வேன். ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு, முடிவு எதுவாக இருந்தாலும் இன்றைக்கு மாலையே ஏதாவதொரு மொழியில் பிள்ளையோடு முழுதாகப் பேசத் தொடங்குங்கள், அந்த மொழி வீட்டிலுள்ள கடைசி ஆளுக்கும் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

கடைசி ஆள் வரை என்பதுதான் எளிதில் நடக்காதது. நான்கு பேர் பேசினால் அவளால் தொடர முடிகிறது. தீபாவளிக்கு முப்பது பேர் கூடி, முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசினால் எந்தக் கருவியாலும் முடியாது. எல்லாரும் சிரிப்பார்கள். அவள் என்ன என்று கேட்பாள். "ஒண்ணுமில்லம்மா, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வருவதில்லை. உலகெங்கும் காது கேளாதவர்கள் தம் குடும்பத்தின்மீது வைக்கும் பெருங்குறை இதுதான் என்று எங்கள் சைகை ஆசிரியரும் சொன்னார். சென்ற தீபாவளிக்கு முன் அவள் குடும்பத்து வாட்சாப் குழுவில் தமிழில் ஒரு விதியை எழுதி அனுப்பினாள். "ஒண்ணுமில்ல" என்று சொல்பவர் உடனே தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவளைப் பார்த்தபடி, முகத்தை மறைக்காமல், தெரிந்த அளவு சைகையோடு, சொன்னதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதிகமாக மாட்டிக்கொண்டவர் என் அண்ணன். அவருடைய நகைச்சுவைகளை நிறுத்தி நிதானமாக இரண்டாம் முறை கேட்டால் அவற்றில் சிரிக்க எதுவும் இல்லை என்பது முப்பது பேருக்கும் அன்றுதான் தெரிந்தது.